ஒண்டுக் குடித்தனம்

ஆபீஸில் லீவ் லெட்டர் எழுதும் வர்க்கத்துக்கு ஆபத்பாந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி, ஊரில் அடிக்கடி காலமாகும் பாட்டி. இன்னொன்று, வைரல் ஃபீவர். பாட்டி விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. அப்பாவைப் பெற்றவள், அம்மாவைப் பெற்றவள் என்று இரண்டு தடவைதான் தாங்கும். மூன்றாவது தடவை மேனேஜர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிடுவார். வைரல் ஃபீவருக்கு அந்தத் தொல்லையே இல்லை. ஜனவரியில் எழுதலாம், ஜூலையில் எழுதலாம், கிரிக்கெட் ஃபைனல் அன்றைக்குக்கூட எழுதலாம். அவினாசி ரோட்டில் இருக்கும் எங்கள் ஆபீஸில், இத்தனை வருஷ சர்வீஸில், ஒரு மேனேஜரும் என்னிடம் 'எந்த வைரஸ்?' என்று கேட்டதில்லை.

அந்தக் கேள்வியை முதன்முதலாகக் கேட்டவர் ஒரு டாக்டர். இடம், கோவையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஐ.ஸி.யூ. வாசல். தேதி, 2018 நவம்பர் 16. தேதி நன்றாக ஞாபகம் இருப்பதற்குக் காரணம், அன்றைக்குத்தான் கஜா புயல் கரையைக் கடந்தது. வராந்தா டி.வி.யில் டெல்டா ஜில்லாவின் தென்னை மரங்கள் வரிசையாகப் படுத்துக் கிடந்ததைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே, பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் ஒருத்தர் படுத்துக் கிடந்தார். என் மாமா. அம்மாவின் கூடப் பிறந்த தம்பி. வயசு 54. அதுவரை அவர் ஆஸ்பத்திரிக்குப் போனதென்றால் யாரையாவது பார்க்க, ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போனதுதான்.

ஐ.ஸி.யூ. வாசல் என்பது தனி தேசம் ஸார். அதற்கென்று தனி ஜனங்கள், தனி பாஷை. வந்து அரை நாளில் எல்லாரும் கால் டாக்டர் ஆகிவிடுவார்கள். 'சேச்சுரேஷன் எவ்வளவுங்?', 'பி.பி.க்கு மருந்து ஓடுதுங்களா?' என்று பக்கத்து பிளாஸ்டிக் நாற்காலிக்காரர் ஊத்துக்குளி வெண்ணெய் விலை விசாரிக்கிற மாதிரி விசாரிப்பார். கோயம்புத்தூர்க்காரனுக்குப் பரம்பரையாக 'கவுண்ட்' என்றால் நூல் கவுண்ட்தான். நாற்பது, அறுபது என்றுதான் பேச்சு. அங்கே மட்டும் கவுண்ட் என்றால் பிளேட்லெட். மாமாவுக்கு அன்று காலை 28 ஆயிரம். இருக்க வேண்டியது குறைந்தது ஒன்றரை லட்சம்.

தீபாவளி கழிந்த நாலாம் நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனையில் டெங்கு என்று வந்துவிட்டது. ஆச்சரியம் ஒன்றுமில்லை. தோப்பு முழுக்கக் கொட்டாங்குச்சி, அதில் மழைத் தண்ணீர், அதில் பகலில் கடிக்கும் அந்த வரிக்குதிரைக் கொசு. அதற்கு முந்தைய வருஷம், 2017ல், தமிழ்நாட்டில் 23 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு வந்து, அரசாங்கக் கணக்கிலேயே 65 பேர் செத்துப்போனார்கள். ஆகவே மாமாவுக்கு டெங்கு என்றதும் குடும்பத்தில் எல்லாருக்கும் ஒருவிதத் தெளிவு வந்துவிட்டது. வியாதி பெயர் தெரிந்துவிட்டது, இனி வைத்தியம்தான் பாக்கி என்று. ஆளுக்கொரு பாட்டில் பப்பாளி இலைச் சாறும் நிலவேம்புக் கஷாயமும் கொண்டு வந்தார்கள். வாயில் ஆக்ஸிஜன் மாஸ்க் போட்டிருந்த மாமா தப்பித்தார்.

அன்றைக்குத்தான் அந்த டாக்டர் அம்மா வெளியே வந்தார். நாமக்கல் பக்கம். என்னைவிட நாலைந்து வயசு சின்னவர். கண்ணில் இரண்டு ராத்திரித் தூக்கம் பாக்கி இருந்தது.

"டெங்குதான். ஆனா மூச்சு இவ்வளவு மோசமாகறது எனக்குச் சரியாப் படலைங்க. எக்ஸ்-ரேல ரெண்டு பக்கமும் வெள்ளையா இருக்கு. இருமலும் இருக்கு. டெங்குல இவ்வளவு இருமல் வராது. வீட்ல யாருக்காச்சும் சளி, காய்ச்சல் இருந்துச்சுங்களா? தீபாவளிக்கு ஒறம்பரை யாராச்சும் வந்தாங்களா?"

அத்தை சொன்னாள், "இல்லீங் டாக்டர். எல்லாரும் நல்லாத்தானுங் இருந்தோம்."

குடும்பமே தலையாட்டியது. நான் மட்டும் வராந்தாவின் சீலிங் ஃபேனை மிகுந்த ஈடுபாட்டோடு ஆராய்ந்துகொண்டிருந்தேன். காரணம், தீபாவளிக்கு முந்தைய இரண்டு நாள் நான் ஆபீஸுக்கு லீவ் லெட்டர் கொடுத்திருந்தேன். வைரல் ஃபீவர். சர்வீஸில் முதல் தடவையாக நிஜ வைரல் ஃபீவர்! ஒரு பாராசிட்டமாலைப் போட்டுக்கொண்டு உக்கடத்தில் பஸ் பிடித்து மாமா வீட்டுக்குப் போய்விட்டேன். அவர் தட்டிலேயே முறுக்கு எடுத்துத் தின்று, அவர் தோளில் கை போட்டு போட்டோ பிடித்து, இடையிடையே நன்றாக இருமிவிட்டு வந்திருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் கை தூக்குகிற மாதிரி மெதுவாகத் தூக்கினேன். "எனக்கு இருந்துச்சுங்க."

"என்ன காய்ச்சல்?"

"வைரல் ஃபீவர்ங்க."

"அதான், எந்த வைரஸ்?"

என்ன பதில் சொல்வது? அத்தை என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் எழுத முடியவில்லை.

டாக்டர் காத்திருக்கவில்லை. மூக்கிலும் தொண்டையிலும் சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்பிவிட்டு, ரிசல்ட் வருமுன்பே ஃப்ளூவுக்கான ஓசல்டாமிவிர் மாத்திரையை ஆரம்பித்துவிட்டார். காய்ச்சல் வந்த 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால் அது நன்றாக வேலை செய்யும். அந்தக் கெடு தாண்டியிருந்தாலும் ஐ.ஸி.யூ. கேஸ் என்றால் கொடுத்துப் பார்ப்பார்கள். மறுநாள் ரிசல்ட் வந்தது. எச்1 என்1. அதாவது 2009ல் பன்றிக் காய்ச்சல் என்று உலகத்தையே உலுக்கிவிட்டு, பிறகு சாதா ஃப்ளூ ஜாதியில் சேர்ந்துகொண்டு வருஷா வருஷம் வந்து போகும் அதே ஆசாமி. அந்த 2018 அக்டோபர், நவம்பரில் கோவை வட்டாரத்தில் டெங்குவும் பன்றிக் காய்ச்சலும் ஜோடி போட்டுக்கொண்டு சுற்றின. இரண்டும் ஒரே ஆளிடம் போய்ச் சேரக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லையே?

அதாவது, மாமாவின் உடம்பில் ஒண்டுக் குடித்தனம். முன் போர்ஷனில் டெங்கு, பின் போர்ஷனில் ஃப்ளூ. இரண்டு குடித்தனக்காரர்களும் வீட்டுக்காரரிடம் கேட்பது நேர் எதிரான சமாசாரம். இங்கேதான் விஷயம் இருக்கிறது.

டெங்குவில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் ஏறும்போது இல்லை, இறங்கும்போது. நாலாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வாக்கில் ரத்தக் குழாய்களின் சுவர் கசிய ஆரம்பிக்கும். ரத்தத்தின் தண்ணீர்ப் பகுதி வெளியே போய்விட, உள்ளே இருப்பது கெட்டியாகும். பிரஷர் விழும். ஆகவே சலைன் ஏற்ற வேண்டும். ஃப்ளூ நிமோனியாவில் கதையே வேறு. நுரையீரலின் காற்றுப் பைகளில் ஏற்கெனவே நீர் கோத்துக்கொண்டிருக்கும். அங்கே கொஞ்சம் அதிகமாக சலைன் ஏற்றினாலும் நேராக நுரையீரலுக்குப் போய்ச் சேரும். ஆகவே தண்ணீரைக் கட்டுப்படுத்த வேண்டும். ஒரு வியாதிக்குக் கொடுக்க வேண்டும், இன்னொன்றுக்குக் கொடுக்கக் கூடாது. இரண்டுக்கும் ஒரே கை, ஒரே ஊசி.

இதை டாக்டர் அம்மா எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தார். குடும்பத்துக்குப் பிடிபடவில்லை. கடைசியில் பெரிய மாமாதான் துண்டைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு மொழிபெயர்த்தார். "புரிஞ்சுதுங் டாக்டர். பி.ஏ.பி. வாய்க்கால்ல ஒரே மடை. மேக்கால காடு காயுது. கெழக்கால காடு ஊத்தம் பிடிச்சுக் கெடக்குது. மடையைத் தொறந்தா ஒண்ணு போச்சு, அடைச்சா இன்னொண்ணு போச்சு. அப்படித்தானுங்?"

டாக்டர் அம்மா ஒரு நிமிஷம் அவரையே பார்த்தார். "அப்படியேதாங்க."

"அப்ப எப்படிங் பண்ணுவீங்க?"

"மடைமேலயே உக்காந்துக்கறதுதாங்க வழி."

நிஜமாகவே உட்கார்ந்தார்கள். இரண்டு மணிக்கொரு தடவை ரத்தம் எடுத்து எவ்வளவு கெட்டி என்று பார்ப்பது, சிறுநீரை மில்லி கணக்கில் அளப்பது, அதற்குத் தகுந்தபடி டிரிப்பை ஏற்றுவது, இறக்குவது. டெங்குவின் கசிவு ஒன்றிரண்டு நாளில் நின்றுவிடும். நின்றதும் வெளியே போன தண்ணீரெல்லாம் திரும்பி ரத்தத்துக்குள் வரும். அப்போது நுரையீரலுக்கு இன்னொரு கண்டம். அந்தக் கண்டத்தில்தான் மாமாவுக்குத் தொண்டையில் குழாய் விட்டு வென்டிலேட்டர் போட வேண்டியதாயிற்று. ஃப்ளூ இருப்பது தெரியாமல் 'வெறும் டெங்கு' என்றே தண்ணீர் ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு நாள் கேட்டேன். டாக்டர் அம்மா பதில் சொல்லாமல் கேஸ் ஷீட்டைப் புரட்டினார்.

ராத்திரி அந்த வராந்தாவில் தூக்கம் வராது. இந்த ஐ.ஸி.யூ. என்ற வஸ்துவை யார் கண்டுபிடித்தார்கள் என்று படித்துப் பார்த்தேன். அதுவும் ஒரு வைரஸின் உபயம்தான். 1952ல் கோபன்ஹேகனில் போலியோ. மூச்சுத் தசைகள் செயலிழந்து நோயாளிகள் குவிந்தார்கள். பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து டாக்டர், தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்றடிக்கலாம் என்றார். அமுக்க ஆள்? மருத்துவ மாணவர்கள் சுமார் 1,500 பேர் முறை போட்டு, ராப்பகலாக மாதக்கணக்கில் அமுக்கினார்கள். அப்படிப் பிறந்ததுதான் இந்தக் கண்ணாடிக் கதவு அறை. (நம் ஊரில் லீவு போட மாணவர்களுக்கு வைரஸ் உதவுகிறது, அங்கே லீவே இல்லாமல் அடித்துவிட்டது.)

இதற்கிடையே பெரியம்மா கோயிலுக்கு நேர்ந்துகொள்ளக் கிளம்பினாள். அங்கேயும் குழப்பம். எந்த அம்மனுக்கு? நம் கோயம்புத்தூர் ஒரு விஷயத்தில் ரொம்ப ஒழுங்கு. ஒரு கொள்ளைநோய்க்கு ஓர் அம்மன். போன நூற்றாண்டின் ஆரம்பத்தில் பிளேக் வந்து ஊரே காலியானபோது பிளேக் மாரியம்மன் வந்தாள். இன்றைக்கும் ஊருக்குள் அவளுக்குக் கோயில் இருக்கிறது. பிற்பாடு 2021 மே மாதம் இருகூர்ப் பக்கம் காமாட்சிபுரி ஆதீனத்தில் கொரோனா தேவிக்கே சிலை வைத்துப் பூஜை போட்டார்கள். அம்மன்கள் முறைப்படி ஒருத்தர் பின் ஒருத்தராக வருகிறார்கள். வைரஸ்களுக்கு அந்த நாகரிகம் இல்லை. பெரியம்மா சாமர்த்தியசாலி. 'எல்லாத்துக்கும் பொதுவா' என்று ஆனைமலை மாசாணியம்மனிடம் போய்விட்டாள்.

மாமா வென்டிலேட்டரில் ஒன்பதாம் நாள். ஃப்ளூ இறங்குகிறது, டெங்கு போயே போச்சு, கவுண்ட் ஏறிவிட்டது. ஆனால் குழாயை எடுக்க முடியவில்லை. லேசாகக் காய்ச்சல். நுரையீரலில் இருந்து நீர் எடுத்து சோதித்தார்கள். மூன்றாவதாக ஒரு குடித்தனக்காரர். பெயர், ஹெர்ப்பிஸ்.

எங்கள் குடும்பத்தில் கம்ப்யூட்டர் படித்த மாப்பிள்ளை ஒருத்தர் இருக்கிறார். உடனே செல்போனில் தேடினார். முகம் வெளுத்துவிட்டது. என்னை மாடிப்படிப் பக்கம் அழைத்துப் போய்க் காதோடு காதாக, "இது... அந்த மாதிரி சமாசாரங்க" என்றார். அடுத்த அரை நாள் மாமாவின் ஒழுக்கம் அவருக்குத் தெரியாமலே விசாரணைக் கமிஷனில் இருந்தது. 'போன வருஷம் தேங்காய் லோடோட பம்பாய் போனாரே...' என்று ஒரு பெரியவர் இழுத்தார். அத்தை அழுதாளே தவிர வாய் திறக்கவில்லை.

டாக்டர் அம்மாவுக்கு விஷயம் போனதும் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "அய்யோ, இது காய்ச்சல் வந்து போனா உதட்டுல கொப்புளம் வருமே, அந்த ஹெர்ப்பிஸுங்க. டைப் ஒண்ணு. நம்மள்ல பாதிப் பேருக்கு மேல உடம்புல இருக்கு. சின்ன வயசுல அத்தையோ பெரியம்மாவோ குடுத்த முத்தத்துல வந்திருக்கும்."

எல்லாரும் பெரியம்மாவைத் திரும்பிப் பார்த்தோம்.

உங்களுக்குக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். ஏனென்றால் ஐ.ஸி.யூ. வாசலில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் இந்த இடத்தில்தான் 'ஆஸ்பத்திரியில் வந்து ஒட்டிக்கொண்டது' என்று கோபம் வரும். சில சமயம் அது நியாயமான கோபமாகவும் இருக்கும். ஆனால் இந்த மாதிரி வைரஸ் வெளியிலிருந்து வருவதில்லை. வெகு நாளாகவே உள்ளே வாடகை கொடுக்காமல் தூங்கிக்கொண்டிருப்பது. அக்கி தெரியுமில்லையா? குயவர் வீட்டுக்குப் போய்க் காவி மண்ணில் சிங்கம் வரைந்து 'அக்கி எழுதி'க்கொள்வார்களே, அதுதான். சின்ன வயசில் வந்த அம்மை இறங்கிப் போய்விட்டது என்று நாம் வேப்பிலைத் தண்ணீர் ஊற்றிவிடுவோம். வைரஸ் போகாது. நரம்பு முடிச்சில் போய்ப் படுத்துக்கொள்ளும். நாற்பது ஐம்பது வருஷம் கழித்து உடம்பின் வாட்ச்மேன் அசரும்போது எழுந்து அக்கியாக வரும். ஹெர்ப்பிஸ் அதற்குப் பங்காளி. சைட்டோமெகலோ வைரஸ் என்று இன்னொரு பங்காளி. அதற்குத் தமிழில் பெயரே கிடையாது, ஏனென்றால் ஆரோக்கியமாக இருக்கிறவரை அது பெரும்பாலோரிடம் எந்த வம்பும் பண்ணாது. நம் ஊர்ப் பெரியவர்களில் பெரும்பாலானவர்கள் உடம்பில் அது இருக்கிறது.

ஒரு பெரிய வியாதி வந்து ஆள் படுத்தால் வாட்ச்மேன்கள் எல்லாரும் முன் கேட்டுக்கு ஓடிவிடுகிறார்கள். பின்பக்க லைன் வீட்டில் தூங்கினவர் எழுந்து சோம்பல் முறிக்கிறார். அமெரிக்காவில் 2008ல் வந்த ஓர் ஆராய்ச்சி. ஏற்கெனவே சைட்டோமெகலோ வைரஸ் உள்ளே இருந்த, மற்றபடி எதிர்ப்பு சக்தியில் கோளாறு இல்லாத, 120 ஐ.ஸி.யூ. நோயாளிகளைக் கவனித்தார்கள். மூன்றில் ஒருத்தருக்கு அது ரத்தத்தில் எழுந்து நடமாடியது. சராசரியாகப் பன்னிரண்டாம் நாள் வாக்கில். எழுந்தவர்கள் ஆஸ்பத்திரியில் அதிக நாள் இருந்தார்கள், அல்லது செத்துப்போனார்கள். 'அப்படியென்றால் அதைக் கொல்லு!' என்றுதானே உங்களுக்கும் எனக்கும் தோன்றும்?

அத்தைக்கும் அதுதான் தோன்றியது. ஆனால் டாக்டர் அம்மா ஹெர்ப்பிஸுக்கு மருந்து கொடுக்கவில்லை. "இன்னும் ரெண்டு நாள் பாக்கலாங்க" என்றார். வராந்தாவில் புரட்சி வெடித்தது. கிருமி இருப்பது தெரிந்தும் மருந்து கொடுக்காத டாக்டரா? வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றலாமா? கம்ப்யூட்டர் மாப்பிள்ளை ஆம்புலன்ஸ் ரேட் விசாரிக்கவே ஆரம்பித்துவிட்டார்.

அவர் சொன்ன காரணத்தை நான் என் பாஷையில் சொல்கிறேன். நடுரோட்டில் விபத்து. போலீஸ் வருவதற்குள் ஐம்பது பேர் கூடிவிடுகிறார்கள். அதில் மோதினவன் ஒருத்தன் இருக்கலாம். பர்ஸ் அடிக்க வந்தவன் இருக்கலாம். டீ குடிக்க வந்து சும்மா எட்டிப் பார்த்தவன் இருக்கலாம். ஸ்பாட்டில் நிற்கிறான் என்பதற்காக லுங்கி கட்டினவனைப் பிடித்து ஜீப்பில் போட்டால் கேஸ் முடிந்த மாதிரி இருக்கும், முடிந்திருக்காது. இன்றைய லேப் டெஸ்ட்டில் ஒரே சாம்பிளில் இருபது கிருமிகளைத் தேடலாம். தேடினால் கிடைக்கும். அதில் எது மோதினது, எது டீ குடிக்க வந்தது என்று மெஷின் சொல்லாது. அந்த மருந்துகளும் பன்னீர் இல்லை. ஹெர்ப்பிஸ் மருந்து கிட்னியைப் பார்த்துக்கொள்ள வேண்டிய மருந்து. சைட்டோமெகலோவுக்கான கான்சிக்ளோவிர் ரத்த அணுக்களையே குறைக்கும். இப்போதுதான் கவுண்ட் ஏறிய ஆளுக்கு!

சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2017ல் அமெரிக்காவில் 160 நோயாளிகளில் பாதிப் பேருக்கு கான்சிக்ளோவிர், மீதிப் பேருக்கு வெறும் சலைன். மருந்து வைரஸை அடக்கியது. ஆனால் உடம்பின் அழற்சி இறங்குமா என்று பார்க்கத்தான் ஆரம்பித்தார்கள், அது இறங்கவில்லை. 2020ல் பிரான்ஸில் 19 ஐ.ஸி.யூ.க்களில், தொண்டையில் ஹெர்ப்பிஸ் எழுந்த 238 வென்டிலேட்டர் நோயாளிகளுக்கு அதே மாதிரி ஒரு சோதனை. மருந்து கொடுத்தவர்களுக்குக் குழாய் சீக்கிரம் கழன்றதா? இல்லை. சாவு கொஞ்சம் குறைவாகத் தெரிந்தது, ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்று கணக்கு சொன்னது. நுரையீரலிலேயே ஹெர்ப்பிஸ் உட்கார்ந்து புண்ணாக்கியிருக்கிறது என்று திசுவில் தெரிந்தால் அது வேறு கேஸ். அப்போது டாக்டர்கள் மருந்து கொடுக்கிறார்கள். மற்றபடி, ஆள் மோசமானதால் வைரஸ் எழுந்ததா, வைரஸ் எழுந்ததால் ஆள் மோசமானாரா என்ற கோழி-முட்டை வழக்கு இன்றைக்கும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. மருந்து கொடுப்பது சுலபம் ஸார். வாசலில் இருபது பேர் முறைத்துக்கொண்டு நிற்கும்போது கொடுக்காமல் இருப்பதற்குத்தான் முதுகெலும்பு வேண்டும்.

(இன்னொரு விசித்திரம். சில வைரஸ்கள் சேர்ந்து வருவதற்குப் பதில் ஒன்றை ஒன்று தடுத்தும்விடுகின்றன. உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ்ஸின் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடிப்போமே, அந்த டெக்னிக். 2009ல் பிரான்ஸில் சாதாரண ஜலதோஷ வைரஸ் முன்கூட்டியே பரவித் துண்டு போட்டுவிட்டதால்தான் பன்றிக் காய்ச்சல் தாமதமாக ஏறியது என்று சில ஆராய்ச்சியாளர்கள் நினைக்கிறார்கள். என் மாமா விஷயத்தில் துண்டு போட ஆளில்லை.)

இரண்டரை வருஷம் கழித்து, 2021 மே மாதக் கடைசியில், தினசரி கொரோனா எண்ணிக்கையில் கோவை சென்னையையே தாண்டிவிட்டது. முதலமைச்சர் ஸ்டாலின் முழுக் கவச உடை மாட்டிக்கொண்டு சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி வார்டுக்குள் போன படம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்போது ஊருக்கே தெரிந்தது ஒரே ஒரு வைரஸ்தான். எனக்கு மட்டும் டாக்டர் அம்மாவின் கேள்வி காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. கொரோனாவில் ரத்தம் உறையும், அதனால் உறையாமலிருக்க ஊசி. கூடவே டெங்குவும் இருந்தால்? அதில் ரத்தம் கசியும். பழைய மடைக் கதைதான். சிங்கப்பூரில் 2020லேயே இரண்டு பேருக்கு ரத்தப் பரிசோதனையில் 'டெங்கு' என்று வந்து, கடைசியில் பார்த்தால் அது டெங்குவே இல்லை, கொரோனா! வென்டிலேட்டரில் இருப்பவர்களின் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைத்த டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவு ஸ்டீராய்டு இருக்கிறதே, அதுவும் வாட்ச்மேனைக் கொஞ்சம் தூங்க வைக்கிற மருந்துதான். பிரிட்டனில் ஆஸ்பத்திரியில் சேர்ந்த கொரோனா நோயாளிகளில் 6,965 பேருக்கு வேறு வைரஸும் இருக்கிறதா என்று பார்த்தார்கள். 583 பேருக்கு இருந்தது. அதில் 227 பேருக்கு ஃப்ளூ. கொரோனாவும் ஃப்ளூவும் சேர்ந்தவர்களுக்கு வென்டிலேட்டர் தேவைப்படும் வாய்ப்பு சுமார் நாலு மடங்கு, சாவு வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல். 2022ல் வந்த கணக்கு.

மாமா கதையை விட்டுவிட்டேனே. மருந்து கொடுக்காமல் காத்திருந்த இரண்டாம் நாள் காய்ச்சல் தானாக இறங்கியது. மூன்றாம் நாள் குழாயை எடுத்தார்கள். டீ குடிக்க வந்த ஹெர்ப்பிஸ், கிளாஸை வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். குழாய் எடுத்த தொண்டையில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது. அத்தை, பெரியம்மா, நான் மூன்று பேரும் குனிந்தோம்.

"காட்டுக்குத் தண்ணி பாஞ்சுதா?" என்றார்.

எல்லாமாக ஆஸ்பத்திரியில் 23 நாள். பில் தொகையை இங்கே எழுதினால் உங்களில் இளகிய மனசுக்காரர்கள் ஐ.ஸி.யூ.வில் சேர வேண்டி வரும். வேண்டாம்.

இப்போது தோப்பில் ஒரு கொட்டாங்குச்சி நிமிர்ந்து கிடந்தால் மாமா அதைக் கவிழ்த்துவிட்டுத்தான் மறு வேலை. மழைக்காலத்துக்கு முன்னால் வருஷா வருஷம் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்கிறார். என் மேல் வருத்தம் உண்டா என்று ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு தீபாவளிக்கும் இரண்டு நாள் முன்னால் தவறாமல் போன் வரும். போன தீபாவளிக்கும் வந்தது.

"மாப்ளே... அத்தை முறுக்குச் சுட்டாச்சு. எப்ப வர்றே?"

"நாளைக்கு வந்தர்றனுங் மாமா."

கொஞ்ச நேரம் பேச்சைக் காணோம்.

"ஒருக்கா இருமிக் காட்டு, கேப்பம்."